உண்ணாத சீனி

சோற்றைக் குறைத்தாயிற்று, பாணையும் இடியப்பத்தையும் விட்டாயிற்று, தேநீருக்குச் சீனி இல்லை, இரவுணவு முட்டையும் கீரையும் மாத்திரமே. அப்படியிருந்தும், விடிந்ததும் விரல்நுனியிற் குத்திக் குருதியைச் சோதித்தால், படுக்கைக்குப் போகும்போது இருந்ததைக் காட்டிலும் சீனி ஏறியிருக்கின்றது. உண்ணாத சீனி எங்கிருந்து வந்தது?

நீரிழிவு நோயாளர் பலரை அலைக்கழிக்கும் வினா இது. சிலவேளை நோயைவிட இவ்வினா தரும் மனத்துயர் பெரிது. வீட்டார் ஐயத்தோடு நோக்குவர். இரவிற் களவாக ஏதோ உண்டிருக்கவேண்டுமென எண்ணுவர். நோயாளரோ தம் கட்டுப்பாடு முழுவதும் வீணாயிற்றென்று சோர்ந்து பழைய உணவுக்கே மீள்வர். அல்லது, உள்ள உணவையுங் குறைத்துப் பட்டினி கிடப்பர். இரண்டும் பிழையான வழிகள். காலைநேரச் சீனி முதல்நாள் இரவுணவை மாத்திரம் பற்றிய தீர்ப்பு அன்று. அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

அக்காரணத்தை முதலிற் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டவரான குளோட் பேர்னாட் (1813–1878). இளமையில் அவர் நாட்டமெல்லாம் நாடகத்திலேயே இருந்தது. லியோன் நகரில் மருந்துக்கடையொன்றிற் பணிபுரிந்த காலத்திலேயே நாடகம் எழுதினார். பின்னர் தாம் எழுதிய வரலாற்று நாடகமொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு பாரிஸ் சென்று, சென் மார்க் ஜிரார்தென் என்ற விமரிசகரிடங் காட்டினார். பிழைப்புக்கு மருத்துவம் பயிலுமாறு அவர் அறிவுரை கூறினார். நாடக உலகு ஒருவரை இழந்தது. உடற்றொழிலியல் தன் தலைமக்களுள் ஒருவரைப் பெற்றது. இலக்கியமும் அவரை முற்றாக இழந்துவிடவில்லை. பரிசோதனை மருத்துவம் பற்றி அவர் 1865-இல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்டே எமிலி சோலா 1880-இல் 'பரிசோதனை நாவல்' என்னுந் தம் கொள்கையை வகுத்தார்.

சீனியை ஆக்கவல்லவை தாவரங்களே, விலங்குடலிற் காணப்படுஞ் சீனி உணவினின்று வந்ததே என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. பேர்னாட் 1848-இல், இறைச்சி மாத்திரம் உண்ட நாயின் குருதியைச் சோதித்தார். சீனியோ மாப்பொருளோ உட்கொள்ளாத அந்நாயின் ஈரலினின்று வெளிவருங் குருதியிற் சீனி இருக்கக் கண்டார். 1855-இல் இன்னொரு சோதனை செய்தார். உடலினின்று எடுத்த ஈரலின் குருதிக் குழாய்களினூடே நீரைப் பாய்ச்சி, சீனி சிறிதும் எஞ்சாதவாறு கழுவினார். அதனை அப்படியே வைத்துவிட்டு மறுநாட் பார்த்தபோது ஈரலில் மீண்டுஞ் சீனி தோன்றியிருந்தது! அதன் மூலப்பொருளை 1857-இற் பிரித்தெடுத்தார், அதுவே கிளைக்கோசன். நமது வினாவுக்கு விடை அன்றே கிடைத்துவிட்டது. ஈரல் சீனியின் களஞ்சியம். களஞ்சியம் மாத்திரமன்று, ஆலையுங்கூட.

இவ்வாலை இயங்குவது நமது நன்மைக்கே. நாம் உறங்கினாலும் மூளை உறங்குவதில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோசை அது வேண்டுகின்றது. குருதி முழுவதிலும் ஒருவேளையில் உள்ளதோ 5 கிராம் அளவே. ஆகவே இரவு முழுவதும் ஈரலே படியளக்கின்றது. வைகறையில், உடலை விழிப்புக்கு ஆயத்தஞ் செய்யும் கோட்டிசோல், வளர்ச்சி ஓமோன் முதலியவற்றின் தூண்டுதலால் அது மேலுஞ் சிறிது சீனியைச் சொரிகின்றது. நோயற்றவரிடம் சதையி உடனே இன்சுலினைச் சுரந்து அளவை அடக்கிவிடும். நீரிழிவுற்றோரிடம் அக்கடிவாளம் தளர்ந்திருப்பதாற் சீனி ஏறுகின்றது. 'வைகறை நிகழ்வு' என்பது இதுவே.

காபோவைதரேற்றுக் குறைந்த உணவை உண்பவரிடம் இன்னுமொன்று சேர்கின்றது. களஞ்சியம் குறைந்தாலும் ஆலை நிற்பதில்லை. புரதத்தின் அமினோவமிலங்கள், கொழுப்பின் கிளிசரோல் முதலியவற்றினின்று புதிதாகச் சீனியை ஆக்கும். தசைகளோ கொழுப்பை எரிக்கப் பழகி, குளுக்கோசை மூளைக்கென விட்டுவைக்கும். இதனாற் பகலிற் சீனி அடங்கியிருக்க, காலையில் மாத்திரம் சற்று உயர்ந்து நிற்பதுண்டு. எனவே, இரண்டு மூன்று மாதச் சராசரியை உணர்த்தும் எச்பீஏ1சீ சோதனையையும் உணவுக்குப் பிந்திய அளவையும் சேர்த்தே நோக்கவேண்டும். 'இது இயல்பே' என்று கண்ணை மூடிக்கொள்வதும் ஆகாது. வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருப்பது இயல்பு. நோயாளர் பலருக்கு 80 முதல் 130 வரை இலக்காகக் கொள்ளப்படுகின்றது. அதற்கு மேல் நாடோறும் நிற்குமாயின் மருத்துவரை நாடவேண்டும்.

செய்யத்தக்கது யாது? முதலில் அளத்தல். சில நாட்களுக்குப் படுக்கைக்குப் போகுமுன்னும், இரவு 3 மணிக்கும், எழுந்தவுடனும் சோதித்துக் குறித்துவைத்தல் வேண்டும். படுக்கும்போதே உயர்ந்திருப்பின் இரவுணவின் அளவையும் நேரத்தையும் ஆராயவேண்டும். முதலிரண்டும் அளவாயிருந்து காலையில் மாத்திரம் ஏறின், அது வைகறை நிகழ்வு. 3 மணிக்கு மிகத் தாழ்ந்திருப்பின், உட்கொள்ளும் மருந்தே மிகையாயிருக்கலாம். முன்னேரத்தில் அளவான இரவுணவு, உண்டபின் சிறு நடை, போதிய உறக்கம் என்பன பலருக்கு உதவும். சிலருக்குக் காலையுணவைப் பிந்தாது உண்பதே ஈரலை அமைதிப்படுத்தும். மருந்து வேண்டுவோர்க்கு அதுவும் உண்டு. ஈரலின் சீனியாக்கத்தைத் தணிப்பது மெற்போமினின் முதன்மையான தொழில். பேர்னாட் உழைத்த அதே பிரான்சிலேதான், ஜான் ஸ்டேர்ன் என்ற மருத்துவர் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்தி 1957-இல் முடிவுகளை வெளியிட்டார்.

காலை எண்ணைக் கண்டு அஞ்சி இரவு மருந்தைத் தாமே கூட்டுவது பேராபத்து. இன்சுலினையோ, அதனைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளையோ பயன்படுத்துவோர் மாப்பொருளையுங் குறைத்து மருந்தையுங் கூட்டினால், உறக்கத்திலேயே சீனி மிகத் தாழ்ந்து உயிருக்கு இடர் நேரலாம். சீனியைச் சிறுநீர் வழி வெளியேற்றும் புதிய மாத்திரைகளை உட்கொள்வோர்க்கு இவ்வுணவுமுறையினாற் குருதியில் அமிலம் மிகும் இடரும் உண்டு. எனவே உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும்.

வீட்டாரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. காலையில் ஏறிய சீனி, நோயாளர் பொய் சொன்னார் என்பதற்குச் சான்று ஆகாது. அடுப்படியில் எது குறைந்தது என்று தேடுவதை விடுத்து, இரவு 3 மணிக்கு விளக்கேற்றி, அவரை எழுப்பி, அளவைக் குறித்துவைக்கத் துணையிருப்பதே உறவினர் செய்யக்கூடிய பேருதவியாகும்.