கூரை ஒழுகினால் யார் காசு?

பிரிஸ்பேனில் அக்கம்பக்கத்தில் இரண்டு டவுன்ஹவுஸ் வளாகங்கள். பார்வைக்கு ஒரே அச்சு. கோடை மழையில் இரண்டிலும் தலா ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாடி கார்ப்பரேட்டுக்கு, அதாவது வளாகத்து உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்புக்கு, கடிதம் போட்டால் போதும். மற்றவர் கைக்காசைப் போட்டு ஆள் பிடிக்க வேண்டும். ஏன்?

விடை, பதிவு செய்த வரைபடத்தில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் இத்தகைய கூட்டுக் குடியிருப்புகளை 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்கிறது. 'பில்டிங் ஃபார்மட்' வரைபடம் என்றால், வீட்டின் எல்லை சுவர், தரை, உள்கூரை ஆகியவற்றின் நடுக்கோட்டோடு சரி. மேற்கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம் எல்லாம் பாடி கார்ப்பரேட் தலையில். 'ஸ்டாண்டர்ட் ஃபார்மட்' என்றால் எல்லை மண்ணில் அளந்து போட்டது. அதற்குள் நிற்கும் வீடு, ஓடு முதல் அஸ்திவாரம் வரை, பொதுவாக உரிமையாளர் பாடு. வளாகச் சாலை, நீச்சல் குளம் போன்றவை மட்டும் எல்லாருக்கும் பொது.

விதிக்குள் விதியும் உண்டு. சுடுநீர்த் தொட்டி பொது இடத்தில் நின்றாலும், ஒரே வீட்டுக்குத்தான் தண்ணீர் தருகிறது என்றால் பழுதுச் செலவு அந்த வீட்டுக்கே. இதைக் கேட்டு முகம் சுளிக்காத ஆளில்லை.

அடுக்குமாடி என்றால் அடுத்த சண்டை லிஃப்ட். "நான் தரைத்தளம், லிஃப்ட்டில் ஏறுவதே இல்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" நியாயமாகத்தான் ஒலிக்கிறது, செல்லாது. லெவி, அதாவது பாடி கார்ப்பரேட் வசூலிக்கும் பங்குத் தொகை, யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று பார்ப்பதில்லை; வீட்டுக்கு வீடு குறித்து வைத்த பங்கு எண்ணையே பார்க்கும். கோபத்தில் கட்டாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்: மாதத்துக்கு 2.5 சதவீதம் வரை அபராத வட்டி, கூட்டத்தில் பெரும்பாலான தீர்மானங்களுக்கு ஓட்டும் கிடையாது.

"இங்கே லெவி ரொம்பக் கம்மி" என்று தரகர் சொன்னால் மகிழ வேண்டாம். பெயின்ட், கூரை, சாலை போன்ற பெருஞ்செலவுக்கான சிங்கிங் ஃபண்டில் சேர்க்காமல் விட்டும் லெவியைக் குறைக்கலாம். அந்தப் பாக்கி, வேலை வரும் நாளில் சிறப்பு லெவியாக, அன்று வீட்டை வைத்திருப்பவர் மேல் மொத்தமாக விழும்.

2025 ஆகஸ்ட் 1 முதல், பெரும்பாலான விற்பனைகளில் வாங்குபவர் கையெழுத்திடும் முன்பே பதிவு வரைபடத்தையும் பாடி கார்ப்பரேட் சான்றிதழையும் விற்பவரே தர வேண்டும். சமையலறை மேடையைத் தடவிப் பார்க்கும் முன் அந்த வரைபடம் எந்த வகை என்று பாருங்கள். சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.