அம்மாவிடம் சொல்ல வேண்டியது

துறையூர், முசிறி, லால்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் திருச்சியில் வந்து இறங்குவது சத்திரம் பேருந்து நிலையத்தில். புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ தனியார் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போக வேண்டியவர்கள் இங்கேதான் டவுன் பஸ் மாறுகிறார்கள். ஸ்கேன் கவர் மகன் கையில் இருக்கும். "சும்மா கட்டிதாம்மா, கரைச்சிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருப்பார். மருத்துவமனையிலும் அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகப் பேசப் போவார்.

அன்பினால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் அது அம்மாவின் உடம்பு. முடி கொட்டும்போதோ, கதிர்வீச்சு அறை வாசலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கும்போதோ அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். அப்புறம் பிள்ளைகளுக்காக அவரும் தெரியாததுபோலவே இருப்பார். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியாக அழுவார்கள்.

சட்டம் இதில் நோயாளியின் பக்கம். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றிவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்க்கே இல்லாத உரிமை மகனுக்கு எங்கிருந்து வரும்?

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" என்று அவரிடமே கேளுங்கள். "நீயே பாத்துக்கப்பா" என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு. தெரிந்துகொள்ள விரும்பினால் டாக்டரிடம் சேர்ந்தே போங்கள். எந்த உறுப்பில், எந்த நிலையில் இருக்கிறது? சிகிச்சை முழுக்கக் குணமாக்கவா, வலியைக் குறைத்து நாட்களைக் கூட்டவா? பக்க விளைவு என்ன, செலவு என்ன? ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அவற்றை வைத்து இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது.

ஊரில் சுற்றும் பேச்சு சில, நோயைவிட வேகமாகக் கெடுக்கும். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயாப்சியைத் தள்ளிப்போட்டு, குணமாகும் கட்டத்தைத் தாண்டவிடுகிறார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது, அந்தத் தட்டு மனத்தைத்தான் உடைக்கும். புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அப்படியொரு நோட்டீஸைப் பார்த்துச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

பணக் கவலைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அனுமதியான சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993-இல் புகார் சொல்லுங்கள். சிகிச்சைக்காகச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு, மருத்துவமனைச் சான்று இருந்தால், ரயில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகையும் துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதமும் உண்டு.

முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தொடங்கிய அந்த அடையாறு மருத்துவமனையில், நோயாளியின் மனத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் 14416 எண்ணில் அரசின் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பார்க்க வருகிறவர்கள் "தைரியமா இருங்க" என்று சொல்லும்போது நோயாளியின் வாய் அடைபட்டுவிடுகிறது. பயப்படக்கூட உரிமையில்லை என்று அவருக்குத் தோன்றும். "என்ன பயமா இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

குணமாக்க வழியில்லை என்ற பிறகும் வலி தணிக்க வழி உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிதணிப்புப் பராமரிப்பு தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிற மகளுக்கும் மருமகளுக்கும் அதே 14416 எண்தான்.