தொட்டில் வாங்கப் போகிறீர்களா? ஒரு ஸ்கேலையும் எடுத்துச் செல்லுங்கள்

வளைகாப்பு முடிந்த மறுநாளே வீட்டில் தொட்டில் பேச்சு தொடங்கிவிடும். “உத்தரத்துல கொக்கி இருக்கு, பழைய நூல் சேலை ஒண்ணு போதும்” என்பார் பாட்டி. தேக்கில் செய்து தருகிறேன் என்பார் தாய்மாமன். குழந்தையின் அப்பா, கொசுவலையும் பொம்மையும் பாட்டுப் பெட்டியும் வைத்த தொட்டில் ஒன்றைச் செல்போனில் காட்டுவார். மூவர் பேச்சிலும் இருப்பது பாசம்தான். ஆனால் அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் எல்லோரும் அசந்து தூங்கும்போது இந்தத் தொட்டில் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்குமா?

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். அத்தனை நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயாலும் முடியாது. அவள் கண் அயரும் நேரத்தில் காவல் இருப்பதுதான் தொட்டிலின் வேலை. அந்த வேலைக்குத் தகுதியானதா என்று பார்த்து வாங்குவது எப்படி?

மூச்சுக்குழாய் மடங்கக் கூடாது

பச்சிளம் குழந்தையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கனமானது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளில் இன்னும் வலு ஏறியிருக்காது. படுக்கை குழிந்தோ சரிந்தோ இருந்தால் தலை முன்னால் சாய்ந்து முகவாய் நெஞ்சில் படியும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய்க்கும் அதே கதிதான். நாமாக இருந்தால் புரண்டு படுத்துச் சரிசெய்துகொள்வோம். குழந்தையால் அது முடியாது. மூச்சு முட்டினால் அழுது கூப்பிடுமே என்று நினைக்கிறோம். அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

ஆகவே தொட்டிலுக்கு முதல் இலக்கணம், அடிப்பாகம் சமதளமாக இருப்பது. தூங்கும் இடத்தின் சரிவு 10 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-ல் புதுப்பித்த பரிந்துரை. 60 செ.மீ. நீளமுள்ள பலகையின் ஒரு முனையைச் சுமார் 10 செ.மீ. தூக்கினாலே அந்த அளவு வந்துவிடும். அதே ஆண்டு, அதைவிட அதிகச் சரிவுள்ள குழந்தைப் படுக்கைகளை அந்த நாட்டுச் சட்டமே தடைசெய்தது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறாதா?

எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி இது. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற பயத்தில் குழந்தையை ஒருக்களித்தோ குப்புறவோ போடுகிறார்கள். உடம்பின் அமைப்பு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால், மேலிருக்கும் குழாய்க்குள் ஏறுவது கடினம். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரத்தை அமெரிக்கா 1994-ல் தொடங்கியது. ‘சிட்ஸ்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும், காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இந்த மரணங்கள் அதிகம் நேர்வது 2 முதல் 4 மாத வயதில். பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் ஒரு வயது வரை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்த பிறகு கிடத்துங்கள். பால் கக்குகிறது என்று தொட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டாம். குழந்தை வழுக்கிக் கீழே இறங்கி உடம்பு மடங்கிக்கொள்ளும்.

தூளியை என்ன செய்வது?

தூளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நானும் தங்கையும் அம்மாவின் சேலையில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். கருப்பைக்குள் சுருண்டு கிடந்த சுகத்தைத் தூளி திரும்பத் தருகிறது. ஆட்டம் நின்றால் சிணுங்கும் பிள்ளை, ஆட்டியதும் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சுருளல்தான் ஆபத்தும். தங்கையின் மகனுக்கு 40 நாள் இருக்கும்போது தூளிக்குள் எட்டிப் பார்த்தேன். சேலை இரு பக்கமும் மூடி முகத்தோடு ஒட்டியிருந்தது. முகவாய் நெஞ்சில் புதைந்து, மூச்சு கரகரவென்று வந்தது. தூக்கிப் பாயில் கிடத்தியதும் அந்தக் கரகரப்பு நின்றது. அன்றிலிருந்து அவன் தூங்குவது தூளியில் இல்லை.

நீண்ட தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் தூளி வேண்டாம். அழுகையை அமர்த்த, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது கொஞ்ச நேரம் ஆட்டலாம். கண் மூடியதும் சமதளத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டும் நேரத்திலும் இவற்றைக் கவனியுங்கள்:

- தொட்டில் கட்டை போட்டுச் சேலையை அகலமாக விரித்து வையுங்கள். முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.
- நைந்த சேலையும் வழுக்கும் சின்தெடிக் சேலையும் கூடாது. கொக்கி, ஸ்பிரிங், முடிச்சு மூன்றையும் தினமும் இழுத்துப் பாருங்கள்.
- தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டி, அடியில் தடித்த ஜமுக்காளம் விரித்து வையுங்கள்.
- குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும் எடை குறைந்த குழந்தையையும் தூளியில் போடவே வேண்டாம்.
- குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துவிடுங்கள். அதை ஊஞ்சலாக்கி முறுக்கி விளையாடிய பெரிய பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

மரபை விடாமலேயே அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஒரு முன்மாதிரி. குழந்தையைப் பெற்றோர் பக்கத்திலேயே படுக்க வைப்பது அவர்கள் வழக்கம். அதை விடச் சொல்லாமல், 2006-ல் நார்க் கூடை முடைபவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து ‘வஹாகுரா’ என்ற தட்டையான கூடைப் படுக்கையை உருவாக்கினார்கள். பக்கத்தில் படுத்தாலும் குழந்தைக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது.

கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.

மரத் தொட்டிலோ இரும்புத் தொட்டிலோ, முதலில் பக்கவாட்டுக் கம்பிகளை அளந்து பாருங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1970-களிலிருந்தே இதுதான் விதி. குழந்தையின் இடுப்பு தலையைவிடக் குறுகியது. இடைவெளி அதிகமானால் கால் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பு முழுவதும் வெளியே வழுக்கிவிடும். தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகியும் பாருங்கள். ஒரே ஒரு கம்பி ஆடினாலும் அந்தத் தொட்டிலை எடுக்காதீர்கள்.

நான்கு மூலைகளிலும் கடைசல் குமிழ் வைத்த தொட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும். நம் பிள்ளைகளின் கழுத்தில் கருப்புக் கயிறோ சங்கிலியோ இல்லாமல் இருப்பது அபூர்வம். எழுந்து நிற்கும் வயதில் அந்தக் கயிறு குமிழில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும். மூலைகள் மட்டமாக இருக்கட்டும். தூங்க வைக்கும்போது கழுத்தில் எதுவும் வேண்டாம்.

இறங்கும் பக்கம், தளரும் திருகாணி

என் மூத்த மகளுக்கு வாங்கிய தொட்டிலில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் இறக்க முடியும். “குனிய வேண்டாம்மா, இப்படி இறக்கிட்டுத் தூக்கிக்கலாம்” என்று கடைக்காரர் செய்து காட்டினார். ஏழாவது மாதத்தில் ஒரு நாள் விரிப்பு மாற்றப் போனேன். கீழ்ப்பக்கத் திருகாணி கழன்று, அந்தப் பக்கம் மெத்தையிலிருந்து விலகித் தொங்கியது. என் முழங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்போது மகள் என் இடுப்பில் இருந்தாள். அவள் உள்ளே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இத்தகைய தொட்டில்களால் 2000-க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 2011 ஜூன் 28 முதல் அவற்றைச் செய்வதும் விற்பதும் அங்கே தடைசெய்யப்பட்டது. நான்கு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலையே வாங்குங்கள். ஆட்டும் தொட்டிலானால், ஆட்டத்தை நிறுத்திப் பூட்டும் வசதி இருக்க வேண்டும். தூங்கியதும் பூட்டிவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் குழந்தை அந்தப் பக்கம் உருண்டு கம்பியோடு முகம் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் இருந்தால் அதற்கும் பூட்டு வேண்டும். மாதம் ஒருமுறை திருகாணிகளை முடுக்குங்கள்.

மெத்தை: இரண்டு விரல் சோதனை

மெத்தைக்கும் தொட்டிலின் பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல்களைச் சேர்த்து விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் மெத்தை சிறியது. அந்தச் சந்தில் முகம் புதையும். பிறகு உள்ளங்கையால் நடுவில் அழுத்தி எடுங்கள். கை பதிந்த குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். புது இலவம்பஞ்சு மெத்தை மெத்தென்று இருப்பதால் பிள்ளைக்கு நல்லது என்று நினைக்கிறோம். குழந்தைக்கு வேண்டியது கெட்டியான மெத்தை, அதன் மேல் இழுத்துச் செருகிய ஒரே ஒரு பருத்தி விரிப்பு. ரப்பர் ஷீட் போடுவதானால் விரிப்புக்கு அடியில், நகராதபடி போடுங்கள்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் உண்டு. தூங்கும் குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்தபடி குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்க வைக்கும்போது தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். தலை தட்டையாகாமல் இருக்க இதுவே போதும்.

பக்கவாட்டில் கட்டும் பஞ்சு மெத்தை, கம்பளி, உருளைத் தலையணை, பொம்மை எல்லாவற்றையும் தூக்கத்துக்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் தலைக்குக் குல்லாவும் தேவையில்லை. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

பரணில் இருக்கும் பழைய தொட்டில்

மூன்று தலைமுறை தூங்கிய தொட்டிலில் புதுப் பிள்ளையைப் போட ஆசைப்படுவது இயல்பு. அதன் பெயின்ட்டைக் கவனியுங்கள். பல் முளைக்கும் வயதில் குழந்தை எழுந்து நின்று மேல்கட்டையைக் கடிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்தைய வண்ணத் தொட்டிலாக இருந்தாலோ, பெயின்ட் உரிந்திருந்தாலோ பயன்படுத்த வேண்டாம்.

எங்கே போடுவது, எப்போது மாற்றுவது?

குறைந்தது முதல் 6 மாதம், தாய் படுக்கும் அறையிலேயே தொட்டில் இருக்கட்டும். கை நீட்டினால் எட்டும் தூரம் நல்லது. இரவில் பால் கொடுக்கவும் வசதி. ஜன்னல், திரைச்சீலைக் கயிறு, சார்ஜர் ஒயர் எதுவும் குழந்தைக்கு எட்டக் கூடாது. அந்த அறையில் புகைபிடிப்பது, கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். கொசுவலை விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்து முகத்தில் விழக் கூடாது. சோபாவில் குழந்தையோடு படுத்துத் தூங்கிவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

குழந்தை உட்கார முயலும்போது மெத்தையைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். மேலே தொங்கும் கிலுகிலுப்பையையும் கழற்றிவிடுங்கள். உயரம் 90 செ.மீ. நெருங்கினாலோ, கம்பியில் கால் வைத்து ஏறத் தொடங்கினாலோ தொட்டிலின் காலம் முடிந்தது. தரையில் மெத்தை போடுங்கள்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது?

பின்லாந்து அரசு 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் ஒரு அட்டைப்பெட்டி தருகிறது. உள்ளே குழந்தைக்கான துணிமணிகளும் ஒரு சிறு மெத்தையும் இருக்கும். பொருட்களை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே தொட்டில். எத்தனையோ பின்லாந்துக் குழந்தைகள் முதல் மாதங்களில் தூங்கியது அதில்தான்.

நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது கோரைப்பாய். சுத்தமான தரையில் பாய், அதன் மேல் சுருக்கமில்லாமல் விரித்த தடித்த பருத்தித் துணி. சமதளம், கெட்டி, விழுவதற்கு உயரமும் இல்லை. எறும்பு வராமல் பார்த்துக்கொண்டு, தாய் பக்கத்தில் தன் பாயில் படுத்தால் போதும். பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, தலையணைகளால் நிரப்பிய தொட்டிலைவிட இது பத்திரம்.

சீர் கொண்டு வரும் சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்: பொம்மையும் தலையணையும் பிள்ளை வளர்ந்த பிறகு கொடுக்கட்டும். இன்று இரவு குழந்தையைக் கிடத்துவதற்கு முன், தொட்டிலுக்குள் ஒருமுறை பாருங்கள். அதில் குழந்தையையும் ஒரு விரிப்பையும் தவிர வேறு எது இருந்தாலும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.