காய்ச்சல் ஓடுமா, அடிக்குமா?

'மருமகள் முழுகாமல் இருக்கிறாள்' என்று சொன்னதுமே கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். 'அப்படியா! எத்தனை மாசம்?' என்பதுதான் அடுத்த கேள்வி. அரைகுறையாகத் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இதைச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் செய்துகொண்டால் என்ன ஆகும்? 'ஐயோ பாவம், வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது' என்று அனுதாபப்படுவாள்!

அவளுடைய பாஷையிலும் இதே கதைதான். கர்ப்பமாக இருப்பதை 'இன் தி ஃபேமிலி வே' என்று நாசூக்காகச் சொல்வது அவர்களுடைய பழைய வழக்கம். குடும்பம், வழி என்று தனித்தனியாக அர்த்தம் தேடினால் விஷயம் பிடிபடாது.

இப்படிப்பட்ட சொற்றொடர்களை ஆங்கிலத்தில் 'இடியம்' என்கிறார்கள். தமிழில் மரபுத்தொடர். 'அதெல்லாம் பிள்ளைகளின் பரீட்சைக்குத்தானே, நமக்கெதற்கு?' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் யாராவது படுத்துக்கொண்டால், ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்து டெலிபோனிலும் இவைதான் நம் காதில் விழுகின்றன. அப்போது தப்பாகப் புரிந்துகொண்டால் அது வெறும் சிரிப்போடு போகாது.

டாக்டர் என்ன சொன்னார்?

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வருகிறார். 'நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் எட்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். 'வுட்ஸ்' என்றால் காடு. இங்கே காடு எங்கிருந்து வந்தது? 'இன்னும் கண்டம் தாண்டவில்லை' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இது. ஆபத்து நீங்கவில்லை, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். இது புரியாமல் தலையை ஆட்டிவிட்டு, 'டாக்டர் பார்த்துட்டார், பயமில்லை' என்று ஊருக்குத் தகவல் கொடுத்தால் எவ்வளவு பெரிய விபரீதம்!

'டச் அண்ட் கோ' என்றால் தொட்டுவிட்டுப் போவதில்லை. நிலைமை இழுபறியாக இருக்கிறது என்பது பொருள். 'ஆன் தி மெண்ட்' என்றால் உடம்பு தேறி வருகிறது. 'அண்டர் தி வெதர்' என்பதற்கும் மழை வெயிலுக்கும் சம்பந்தமில்லை. 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்கிறோமே, அவ்வளவுதான். 'ஃபிட் ஆஸ் எ ஃபிடில்' என்றால் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று அர்த்தம். அவர்களுக்கு ஃபிடில், நமக்குக் கல்!

பட்டாம்பூச்சிக்கு மருந்து வேண்டாம்

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்து, 'பையன் த்ரோ அப் பண்ணினான்' என்றால் எதையோ தூக்கி எறிந்தான் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். குழந்தை வாந்தி எடுத்திருக்கிறான். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. அவர்கள் ஊரில் காய்ச்சல் ஓடுகிறது. நம் ஊரில் 'அடிக்கிறது', பிறகு 'விடுகிறது'. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே வேடிக்கைதான்.

பரீட்சைக்குக் கிளம்பும் பெண், 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக், அம்மா' என்கிறாள். வயிற்றில் பூச்சி என்று எண்ணி மருந்தைத் தேடாதீர்கள்! 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்கிறாள் குழந்தை. இதில் உடற்கூறும் இருக்கிறது. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். ரத்தம் வயிற்றைவிட்டுத் தசைகளுக்கு அதிகமாகப் பாயும். வயிற்றைப் பிசைவது அதனால்தான். முதுகைத் தடவிக்கொடுத்து, நாலு தடவை மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள்.

'ஹார்ட்பர்ன்' என்ற வார்த்தையில் மட்டும் கவனம் வேண்டும். இருதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயில் மேலேறி வருவதால் உண்டாகும் எரிச்சல் அது. நாமும் 'நெஞ்செரிச்சல்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் பாரம் வைத்தது போல நெஞ்சு அழுத்தினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, 'வெறும் ஹார்ட்பர்ன்தான்' என்று நாமாகப் பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எங்கே எதைச் சொல்வது?

அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, இடமும் தெரிய வேண்டும். 'கிக் தி பக்கெட்' என்றால் இறந்துபோவது. 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இது இருக்கிறது. நம் 'மண்டையைப் போட்டார்' போன்றது. துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் இதை எழுதினால் உறவே முறிந்துபோகும். 'பாஸ்ட் அவே' என்று எழுதினால்தான் 'காலமானார்' என்ற மரியாதை வரும்.

சில இடங்களில் இரண்டு பாஷைகளும் கை கோத்துக்கொள்கின்றன. செல்லக் குழந்தையை 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்று கொஞ்சுவார்கள். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் பாவைக்கே ஆப்பிள் என்றுதான் பெயர். நாம் 'என் கண்மணியே' என்கிறோம். நம் 'மணி'யும் அதே பாவைதான்!

ஆகவே ஒரு புது இடியம் காதில் விழுந்தால், 'இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?' என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். 'இதே சமயத்தில் நாம் என்ன சொல்வோம்?' என்று யோசியுங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் மாமியாரோ பாட்டியோ சொல்லும் தமிழ். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எழுதினால் பாடமும் ஆச்சு, பொழுதும் போச்சு.

ஆனால் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது இந்த ஊகம் எதுவும் வேண்டாம். 'டாக்டர், எனக்குப் புரியலை. ஆபத்து நீங்கிடுச்சா, இன்னும் இருக்கா? தெளிவாச் சொல்லுங்க' என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். தெரியாததைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, சகோதரிகளே!