எஸ்பிஎம் கணிதம்: விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்

பள்ளியை விட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து எஸ்பிஎம் எழுத நினைக்கிறீர்களா? மற்ற பாடங்களுக்குத் துணிந்து பெயர் கொடுப்பவர்கள்கூட கணிதம் என்றதும் பின்வாங்குகிறார்கள். “எனக்குக் கணக்கு சுத்தமாக வராது டீச்சர்” என்பார்கள். அப்படிச் சொல்பவர் கடையில் மீதிப் பணத்தை மனத்திலேயே கணக்கிட்டு வாங்குவார். மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதும் அவருக்கு மனப்பாடம். கணக்கு அவருக்கு வருகிறது. தாளில் இருக்கும் குறியீடுகள்தான் பழக்கம் விட்டுப் போயின.

ஐந்தாம் படிவத்தைப் பாதியில் விட்டவரும் தனிப்பட்ட முறையில் எஸ்பிஎம் எழுதலாம். முன்பே எழுதியவர் கணிதத்தை மட்டும் மீண்டும் எழுதவும் வழி உண்டு. முழுச் சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் கல்லூரி, தொழில் பயிற்சி, பணி உயர்வு என்று விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் கணிதத்தின் தேர்ச்சியையும் கேட்கிறார்கள். அதனால் இந்த ஒரு பாடம் பல கதவுகளுக்குச் சாவியாகிறது.

வினாக்கள் படிவம் 1 முதல் 5 வரை உள்ள பாடங்களைத் தொட்டு வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. கீழே உள்ள நான்கு அடிப்படைகள் உறுதியானால் மற்றவை அவற்றின்மேல் வந்து உட்காரும்.

எதில் விழுக்காடு?

விழுக்காடு என்றால் நூற்றில் ஒரு பங்கு என்று எல்லாரும் சொல்வோம். எதனுடைய பங்கு என்று கேட்க மறந்துவிடுகிறோம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

100 ரிங்கிட் பொருளின் விலை 20 விழுக்காடு கூடுகிறது; பிறகு 20 விழுக்காடு குறைகிறது. பழைய விலைக்கே வந்துவிட்டதா? கூடும்போது 120 ரிங்கிட். குறையும்போது 120-இல் 20 விழுக்காடு, அதாவது 24 ரிங்கிட் போகிறது. மீதி 96 ரிங்கிட். இரண்டு தடவையும் 20 விழுக்காடுதான். ஆனால் முதலில் 100-இல் எடுத்தோம், பிறகு 120-இல் எடுத்தோம்.

இதே சூட்சுமம் தேர்வில் வேறு வடிவத்தில் வரும். 15 விழுக்காடு கழிவுக்குப் பிறகு ஒரு சட்டை 68 ரிங்கிட். அசல் விலை என்ன? பலர் 68-இல் 15 விழுக்காட்டைக் கண்டுபிடித்து, 10.20-ஐச் சேர்த்து 78.20 என்று எழுதுகிறார்கள். கழிவு கொடுத்தது அசல் விலையில்தானே? அப்படியானால் 68 என்பது அசலில் 85 விழுக்காடு. 68-ஐ 0.85-ஆல் வகுத்தால் 80. சரிபார்ப்போம்: 80-இல் 15 விழுக்காடு 12; கழித்தால் 68. பொருந்துகிறது.

பயிற்சிக்குப் புத்தகம்கூட வேண்டாம். உங்கள் சம்பளப் பட்டியலை எடுங்கள். மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து 408. இதை 1,700-இல் 24 விழுக்காடு என்று ஒரே பெருக்கலிலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி. உங்கள் பணம் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கடனைப் பெருக்கினால்

எதிர்மறை எண்களில் கூட்டலும் கழித்தலும் கடன் கணக்குதான். கையில் 5 ரிங்கிட், கடன் 8 ரிங்கிட் என்றால் நிலைமை −3. சிக்கல் பெருக்கலில் வருகிறது. எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் ஏன் நேர்மறை? விதியை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வறையில் குழம்புவதுண்டு. ஒருமுறை காரணத்தைப் பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

2 × (−3) = −6
1 × (−3) = −3
0 × (−3) = 0

இடப்பக்க எண் ஒவ்வொன்றாகக் குறைகிறது. விடையோ ஒவ்வொரு படியிலும் 3 கூடுகிறது. இந்த வரிசை இப்படியே தொடர வேண்டுமானால் அடுத்தது (−1) × (−3) = 3. அதற்கடுத்தது (−2) × (−3) = 6. வேறு எந்த விடை எழுதினாலும் வரிசை உடைந்துவிடும். இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே எதிர்மறை எண்களைக் கடன் என்றும் நேர்மறை எண்களைச் செல்வம் என்றும் அழைத்து இந்த விதிகளை எழுதிவைத்தார்.

கால்குலேட்டர் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. −3² என்று அப்படியே தட்டினால் −9 வரும். அது முதலில் 3-ஐ வர்க்கமாக்கி, பிறகு கழித்தல் குறி போடுகிறது. −3-இன் வர்க்கம் வேண்டுமானால் (−3)² என்று அடைப்புக்குறியோடு தட்ட வேண்டும். அப்போது 9 வரும்.

தராசைச் சாய்க்காதீர்கள்

சமன்பாட்டை ஒரு தராசாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் செய்வதை மறு தட்டிலும் செய்தால் தராசு சாயாது. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று பள்ளியில் படித்தது இதன் சுருக்கம்தான்.

குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கு வர 40 ரிங்கிட், ஒரு மணி நேர வேலைக்கு 25 ரிங்கிட் வாங்குகிறார். மொத்தச் செலவு 165 ரிங்கிட். எத்தனை மணி நேரம் வேலை செய்தார்? தெரியாததை x என்போம்.

25x + 40 = 165

இரு பக்கமும் 40-ஐக் கழித்தால் 25x = 125. இரு பக்கமும் 25-ஆல் வகுத்தால் x = 5. ஐந்து மணி நேரம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இந்த முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லிலிருந்தே ‘அல்ஜிப்ரா’ பிறந்தது. நாம் போடும் சமக் குறி இன்னும் இளையது. 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் அதை முதலில் அச்சில் பயன்படுத்தினார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இதே கணக்கை வரைபடமாகப் போட்டால் y = 25x + 40. கோடு 40-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு மணிக்கும் 25 ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் சரிவு. இன்னொருவர் வருகைக் கட்டணம் வாங்காமல் மணிக்கு 35 ரிங்கிட் கேட்கிறார் என்றால் y = 35x. யாரை அழைப்பது? 35x = 25x + 40 என்று எழுதினால் x = 4. நான்கு மணி நேர வேலைக்கு இருவருக்கும் 140 ரிங்கிட். வேலை அதற்குள் முடியும் என்றால் இரண்டாமவர் மலிவு; இழுக்கும் என்றால் முதலாமவர் மலிவு. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவில் நீங்கள் செய்வதும் இதுவே.

இரு மடங்கு என்றால் நான்கு மடங்கு

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பீட்சா 12 ரிங்கிட். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ளது 30 ரிங்கிட். எது லாபம்? நீளம் இரு மடங்கானால் பரப்பளவு 2 × 2, நான்கு மடங்காகும். பெரிய பீட்சா ஒன்று நான்கு சிறிய பீட்சாவுக்குச் சமம். நான்கு சிறியவற்றுக்கு 48 ரிங்கிட் ஆகும், பெரியதே லாபம். தண்ணீர்த் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் கன அளவு 2 × 2 × 2, எட்டு மடங்கு. இதை மனத்தில் வைத்தால் வினாவில் கேட்பது நீளமா, பரப்பா, கன அளவா என்று முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

தேர்வறையில்

வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பலர் கணக்கில் தடுமாறுவதைவிடச் சொல்லில்தான் தடுமாறுகிறார்கள். பெச்சாஹான் என்றால் பின்னம், லுவாஸ் பரப்பளவு, இசி பாடு கன அளவு, கெச்செருனான் சரிவு. ஒரு சிறு நோட்டில் இப்படி எழுதி வையுங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும்.

முதல் தாளில் 40 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 15 வினாடி. இரண்டாம் தாளில் 100 புள்ளிகளுக்கு இரண்டரை மணி நேரம். ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். மூன்று புள்ளி வினாவில் பத்து நிமிடம் சிக்கினால் விட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் தாளில் செய்முறைக்கும் புள்ளி உண்டு. கடைசி விடை தவறினாலும் சரியான படிகள் உங்களைக் காப்பாற்றும். ஆகவே கால்குலேட்டரில் போட்டதைத் தாளிலும் எழுதுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. 10 விழுக்காடு கழிவுக்குப் பிறகு ஒரு கைப்பேசியின் விலை 1,080 ரிங்கிட். அசல் விலை என்ன?
2. (−4) × (−5) + (−6) = ?
3. ஒரு சதுரத் தோட்டத்தின் பக்கம் மூன்று மடங்கானால், வேலி எத்தனை மடங்கு? பரப்பளவு எத்தனை மடங்கு?

விடைகளைக் கையால் மூடிக்கொண்டு முதலில் நீங்களே செய்து பாருங்கள். வீட்டில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் முதலில் முடிப்பது என்று போட்டி வைத்துக்கொள்ளலாம்.

விடைகள்: 1) 1,200 ரிங்கிட். 2) 14. 3) வேலி 3 மடங்கு, பரப்பளவு 9 மடங்கு.