கட்டுடல் ஆயுளைக் காக்குமா?

ஆணழகன் போட்டியில் விளக்கொளியில் புஜத்தை மடக்கிக் காட்டி நிற்பவரைப் பார்த்தால், அந்த ஊரிலேயே பலசாலி அவர்தான் என்று தோன்றும். உண்மையில், அந்த வருடத்தில் அவர் உடல் மிகவும் தளர்ந்துபோயிருக்கும் நாள்களில் அதுவும் ஒன்று. மாதக்கணக்கில் அரைவயிறு. கடைசி வாரத்தில் உப்பும் தண்ணீரும் அளந்துதான். மேடைக்குப் பின்னால் தசைப்பிடிப்பு வந்து சுருண்டு படுப்பவரைச் சக போட்டியாளர்கள் நீவிவிட்டு எழுப்புவது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றினால் ஓர் அளவீட்டைப் பார்க்கலாம். ஊக்கமருந்து எதையும் தொடாத ஓர் அமெரிக்க இளைஞரை, போட்டிக்கு ஆறு மாதம் முன்பிருந்து ஆறு மாதம் பின்பு வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேடை ஏறும் நேரத்தில் அவருடைய உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதமாக இறங்கியிருந்தது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 53 முறை துடித்த இதயம் 27 முறைதான் துடித்தது. டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிட்டது. எரிச்சலும் சோர்வும் பல மடங்கு கூடின. தூக்கும் திறன் குறைந்தது. போட்டி முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் அது முழுதாகத் திரும்பவில்லை.

காரணம் எளிது. உள்ளே வரும் உணவு குறைந்து கொழுப்பும் கரையத் தொடங்கினால், உடல் அதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. போட்டி நெருங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. செலவைச் சுருக்குகிறது: இதயத் துடிப்பு, உடல் சூடு, இனப்பெருக்க ஹார்மோன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறைக்கிறது. தோலுக்கடியில் நரம்பும் வரியும் தெரியும் அந்தத் தோற்றம், பட்டினி கிடக்கும் உடல் பளபளப்பதுதான்.

இதைச் சொல்வதால் எடை தூக்குவதே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான். தசையை வளர்ப்பது வேறு. அதைக் காட்சிக்கு வைப்பது வேறு. இரண்டும் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், ஓர் இடத்தில் பிரிகின்றன. அந்த இடம் எது என்பதை ஜிம்முக்குப் புதிதாகப் போகும் இருபது வயதுப் பையனுக்கு யாரும் சொல்வதில்லை.

ஒன்றாகப் போகும் தூரம்

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வது தசைதான். இந்தியர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் அச்சாக 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. நம் தெருவில் சட்டைக்குள் சிறு தொப்பையோடு நடக்கும் எத்தனையோ பேரின் கதை இது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வில், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. இந்த நிலையில் தசையைச் சேர்த்து வைப்பதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து, சில வருடங்கள் அவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று 2015இல் வந்தது. பிடியின் வலு ஐந்து கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதாக அதில் தெரிந்தது. பிடி இறுகினால் ஆயுள் நீளும் என்பது இதன் பொருளல்ல. மொத்த உடலும் எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது.

எவ்வளவு பயிற்சி போதும்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022இல் வெளியான கட்டுரை ஒன்று, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்பவர்களிடம் இறப்பு, இதயநோய், புற்றுநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் அபாயம் 10 முதல் 17 சதவீதம் குறைவாக இருப்பதாகச் சொல்கிறது. நீரிழிவைத் தவிர மற்றவற்றில், வாரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதிகபட்சப் பலன் தெரிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு. உலக சுகாதார நிறுவனமும் வாரத்தில் இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது. கர்லாக்கட்டையோ தண்டாலோ பஸ்கியோ டம்பெல்லோ, எதுவானாலும் சரி.

இந்த மருந்து மிக அதிகம் தேவைப்படுபவர்கள் ஜிம்முக்கே வராதவர்கள் என்பதுதான் வருத்தம். 1990இல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான கால் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று அம்மாவையும் பாட்டியையும் உட்கார வைக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய சேதி இது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் பெண்களுக்கு, மகன் தூக்கும் எடையில் கால்வாசியாவது கையில் இருக்க வேண்டும்.

பிரியும் இடம்

உணவும் பயிற்சியும் உறக்கமும் தரக்கூடிய தசைக்கு ஒரு வரம்பு உண்டு. பரம்பரை அதை முன்பே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. அந்த வரம்பைத் தாண்ட ஆசைப்படுபவர் கையில் ஊசி வருகிறது.

டெஸ்டோஸ்டிரோனை 1935இல் ஆய்வகத்தில் தயாரித்தார்கள். அந்தத் துறையில் பணியாற்றிய புட்டனன்ட், ருசிக்கா இருவருக்கும் 1939இல் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. 1958இல் டையனபால் என்ற, தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு போட்டி மேடைகளில் நிற்கும் உடல்களின் பருமனே மாறிப்போனது.

டெஸ்டோஸ்டிரோனின் வலுவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். பத்து வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்கள் சுமார் மூன்று கிலோ கொழுப்பற்ற எடை கூடினார்கள். ஊசியில்லாமல் உழைத்துப் பயிற்சி செய்தவர்கள் கூடியது சுமார் இரண்டு கிலோ. இரண்டையும் செய்தவர்கள் ஆறு கிலோ. மருந்து எடுக்காமல் வருடக்கணக்கில் வியர்வை சிந்துபவர், பக்கத்து பெஞ்ச்சில் மூன்றே மாதத்தில் ஊதிப்போனவரைப் பார்த்துத் தன் உழைப்பின்மேல் சந்தேகப்படுவது எவ்வளவு அநியாயம் என்பது இப்போது புரியும்.

இதயமும் ஒரு தசைதான். புஜத்தை வளர்க்கும் ஹார்மோன் அதையும் தடிக்கச் செய்கிறது. தடித்த இடது கீழறை விறைத்துப்போய், சரியாக விரியவும் சுருங்கவும் திணறுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் சரிகிறது. சிவப்பணுக்கள் கூடி ரத்தம் குழம்பாகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் படிவு சேர்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் தாராளமாக வருவதால் விதைப்பைகள் தம் வேலையை நிறுத்திச் சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். ‘கோர்ஸ்’ முடித்து ஊசியை நிறுத்தியதும் உடலில் சொந்த ஹார்மோனும் இல்லாத அந்த மாதங்களில் மனச்சோர்வு ஆளை அமுக்குகிறது. அதிலிருந்து தப்பவே பலர் அடுத்த கோர்ஸைத் தொடங்குகிறார்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு வகை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பயந்து அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

டென்மார்க்கில் ஜிம்களுக்குள்ளேயே ஊக்கமருந்துச் சோதனை நடத்துகிறார்கள். அதில் ஸ்டீராய்டுக்காகப் பிடிபட்ட 1,189 ஆண்களை, அதே வயதுள்ள 59,450 பொது ஆண்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. பிடிபட்டபோது சராசரி வயது 27. சுமார் பதினோரு வருடத்தில் அவர்களிடையே இறப்பு 2.8 மடங்கு. போட்டியாளர்களைப் பற்றிய ஆய்வு 2025இல் ஐரோப்பிய இதய இதழில் வந்தது. சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்ற 20,286 ஆண்களில் 121 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 45. திடீர் இதய மரணங்கள் 38 சதவீதம். தொழில்முறைப் போட்டியாளர்களுக்கு இந்த அபாயம் அமெச்சூர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இத்தகைய ஆய்வுகளால் மருந்து ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. பட்டினியும், நீரை வற்றவைப்பதும், வேறு பழக்கங்களும் கலந்தே இருக்கும். மொகமத் பெனஜிஜா 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996இல் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து இறந்தபோது வயது 31. 2018இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஷான் ரோடன் 2021இல் 46 வயதில் மாரடைப்பில் போனார்.

கண்கள் கொடுக்கும் விலை

இத்தனை தெரிந்தும் ஏன்? ‘அழகுப் பித்து’ என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

உடலைக் காட்சியாக்கிப் பரிசு கொடுக்கும் வழக்கத்துக்கு நூற்றிருபது வயது தாண்டிவிட்டது. 1901 செப்டம்பரில் யூஜன் சாண்டோ லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடத்திய போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலும் நடுவராக இருந்தார். நம் நாட்டில் அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது. ஐந்தடிகூட இல்லாத வங்காளி மனோகர் ஐச், ஆங்கிலேய அதிகாரிகளோடு மோதிச் சிறைக்குப் போனவர். சிறையிலும் பயிற்சியை விடாமல், 1952இல் தம் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் ஆனார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் மறைந்தார். ஒருவரின் ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அடிமைப்பட்ட நாட்டில், ‘எங்கள் உடல் சோடையில்லை’ என்று நிமிர்ந்து காட்டுவதற்கு ஒரு கண்ணியம் இருந்தது. அந்தக் கண்ணியத்தைத்தான் இன்றும் வடசென்னையிலும் சிற்றூர்களிலும் பையன்கள் தேடுகிறார்கள். பட்டமில்லை, நிலமில்லை, சிபாரிசு இல்லை. அப்பா பெயரைச் சொல்லாமல் ஊரில் மரியாதை வாங்கித் தரக்கூடிய ஒரே சொத்து, தானே செதுக்கிய உடல். அவனை ‘மாஸ்டர்’ என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள். பவுன்சர் வேலையோ பயிற்சியாளர் வேலையோ கிடைக்கிறது. மிகச் சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும்.

தோற்றத்துக்குப் பணமதிப்பு இருப்பதைப் பொருளாதார வல்லுநர்களும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா தரவுகளை வைத்து ஹேமர்மெஷ், பிடில் இருவரும் 1994இல் எழுதிய கட்டுரையின்படி, தோற்றத்தில் சராசரிக்குக் கீழ் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் வரை சம்பளம் குறைவு. ஆண்களுக்கும் இதில் விலக்கில்லை. நம் ஊரில் திருமணப் பேச்சிலும் வேலை நேர்காணலிலும் இது நடப்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகோலோ மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஹார்வர்டு மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பின் குழு, 1964 முதல் வெளிவந்த ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைகளை அளந்து பார்த்தது. 1990களில் வந்த ஒரு பொம்மையை மனித உயரத்துக்குப் பெரிதாக்கினால் புஜச் சுற்றளவு 26 அங்குலத்தைத் தாண்டியது. எந்த வீரருக்கும் இல்லாத அளவு. தமிழ் சினிமாவில் ‘வாரணம் ஆயிரம்’ வந்த 2008க்குப் பிறகு சிக்ஸ் பேக் என்பது கதாநாயகனுக்கே ஒரு தகுதிபோல ஆகிவிட்டது. அந்தச் சட்டையில்லாக் காட்சிக்கு முன்னால் நடிகர்கள் எப்படி உண்கிறார்கள், எத்தனை மணி நேரம் தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்பது திரையில் தெரியாது. அந்த வயிறு வருடம் முழுக்க இருக்காது என்பதும் தெரியாது. எவ்வளவு பெருத்தாலும் கண்ணாடியில் ஒல்லியாகவே தெரியும் மனநிலையைப் போப் 1993இலேயே விவரித்தார்; அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் அது இடம்பெற்றது. வீட்டில் இதை நோயாக யாரும் பார்ப்பதில்லை. ‘தம்பி ஒழுக்கமா ஜிம்முக்குப் போறான்’ என்று பெருமைப்படுகிறார்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அறிவுரையைவிட மருத்துவர் அவசியம். ஹார்மோன் மருத்துவரையோ இதய மருத்துவரையோ பார்த்து, எதை, எவ்வளவு, எத்தனை நாள் எடுத்தேன் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், சிவப்பணு அளவு, கல்லீரல், சிறுநீரகம், டெஸ்டோஸ்டிரோன், எக்கோ ஆகிய சோதனைகள் தேவைப்படும். எப்படி நிறுத்துவது என்பதையும் அவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். தாமதிக்க வேண்டாம் என்பதற்கு 2017இல் அமெரிக்காவில் 140 பளுதூக்கும் ஆண்களை ஆராய்ந்த முடிவுகளே காரணம். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தார்கள். மருந்தைத் தொடாதவர்களுக்குச் சராசரி 63. அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 49. எடுத்து நிறுத்தியிருந்தவர்களுக்கு 58. ஆனால் இதயத் தமனிகளில் படிந்த கொழுப்பு, வாழ்நாளில் எத்தனை வருடம் ஊசி போட்டார்களோ அதற்கேற்ப அதிகமாக இருந்தது.