கல்லும் அயரும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் ஓடையைக் கடவாத தோட்டப் பாதை அரிது. நான் முன்னர் பணிபுரிந்த பாடசாலைக்குப் பிள்ளைகள் வரும் வழியிலும் கொங்கிறீற்றுப் பாலமொன்று இருந்தது. கொழுந்து ஏற்றிய லொறிகளும் நாள்தோறும் அதன்மீது சென்றன. ஒருநாள் அதில் வெடிப்பொன்றைக் கண்டு, அயலிலிருந்த பெரியவரிடம் கூறினேன். "இத்தனை வருஷமா தாங்கின பாலமுங்க மாஸ்டர், இனியும் தாங்கும்" என்றார் அவர். இவ்வாதம் சரியானதுதானா என்பதை இன்று ஆராய்வோம்.

கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. ஒருமுறை தாங்கக்கூடிய சுமையே மீண்டும் மீண்டும் வந்து பொருளை நலியச் செய்வதை 'அயர்வு' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வோலர் என்பார், புகையிரத அச்சுகள் முறிவதை ஆராய்ந்து இவ்வுண்மையை விளக்கினார். சீமெந்துப் பொருள்களும் அயரும் என்பதை அமெரிக்கரான வான் ஓர்னம் 1903-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது கொங்கிறீற்று. அது அயர்வது எங்ஙனம்? சல்லிக்கல்லும் சீமெந்துச் சாந்தும் கூடுமிடத்தில், கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகள் தொடக்கத்திலேயே உள்ளன. மேலிருந்து அழுத்தும்போது கொங்கிறீற்று பக்கவாட்டில் விரிய முயல்கிறது; அதனால் இவ்வெடிப்புகள் சிறிது நீள்கின்றன. சுமை நீங்கினாலும் அவை முற்றும் மூடுவதில்லை. முதலில் விரைவாகவும், பின்னர் நெடுங்காலம் மெதுவாகவும் சேதம் வளர்கிறது. இறுதியில் வெடிப்புகள் ஒன்றோடொன்று இணைய, முறிவு விரைந்து வருகிறது. நடுக்காலத்து அமைதியே நம்மை ஏமாற்றுவது.

ஒருமுறை அழுத்தி உடைப்பதற்கு 100 பங்கு சுமை தேவையெனின், ஒரு கோடி முறை அழுத்தும்போது ஏறத்தாழ 55 பங்கே போதுமானது. ஒரு கோடி என்பது எட்டாத எண்ணன்று. கொழுந்து அரைக்கும் உருளை இயந்திரம் நிமிடத்துக்கு 45 முறை சுழல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கினால் 21,600 சுழற்சிகள். 300 நாட்களில் 64 இலட்சத்து 80 ஆயிரம். அதன் அடித்தளம் இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னரே கோடியைக் கடந்துவிடும்.

எனினும் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அன்றாடச் சுமை அந்த எல்லைக்கு மிகக் கீழே நிற்குமாறே பொறியியலாளர் கட்டடங்களை வகுக்கின்றனர். அளவுக்கு மிஞ்சிய பாரமும், நீர் மிகுந்த கலவையும், போதிய நாள் ஈரங்காத்து ஆற்றாமையும் அந்த இடைவெளியைக் குறைத்துவிடுகின்றன. நீரில் ஊறிய கொங்கிறீற்று உலர்ந்ததைவிட விரைவில் அயரும் என்பதை, மழை மிகுந்த சப்பிரகமுவாவில் வாழும் நாம் மறத்தலாகாது.

எல்லா வெடிப்பும் அயர்வினால் வருவதன்று. அடித்தளம் இறங்குவதாலும், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பதாலும் வெடிப்பு உண்டாகலாம். காரணத்தைப் பிரித்தறிவது பொறியியலாளர் பணி. அது வளர்கிறதா என்று கவனிப்பது நம்மால் இயலும் பணி. அன்று வெடிப்பின் நுனியில் வண்ணத்தால் கோடிட்டு, அருகில் தேதியை எழுதிவைத்தோம். சில மாதங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டியது. அதைக் கண்ட பெரியவரே தோட்ட நிருவாகத்துக்கு அறிவிக்க முன்வந்தார். லொறிகள் வேறு பாதையில் திருப்பப்பட்டன, பாலமும் திருத்தப்பட்டது.

பாலம் தாங்கிய ஆண்டுகள் அதன் வலிமைக்குச் சான்று மட்டுமல்ல. அதன் ஆயுளிலிருந்து செலவானவையும் ஆகும். உங்கள் பிள்ளைகள் நடக்கும் பாலத்தை நாளைக் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள்.